வானத்துக்கு நாள் குறித்தவர்கள்



2023-ஆம் ஆண்டில் சனி பகவான் மகரத்திலிருந்து கும்பத்துக்கு இரண்டு முறை பெயர்ந்தார். திருக்கணிதப் பஞ்சாங்கம் ஜனவரி 17 என்றது. வாக்கியப் பஞ்சாங்கம் டிசம்பர் 20 என்றது. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே விழா டிசம்பரில். இங்கே மலேசியாவில் ஜனவரியில் எள் விளக்கு ஏற்றியவர்களும் உண்டு, டிசம்பரில் ஏற்றியவர்களும் உண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தடவையும் ஏற்றியவர்களும் உண்டு. ஆனால் வானத்தில் இருப்பது ஒரே சனிதான். அது எங்கே நிற்கிறது என்பதில் இரண்டு கணக்குக்கும் உள்ள வேறுபாடு, கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலத்துக்குக் குறையாது. மேகமில்லாத ஓர் இரவில் திடலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தால், பக்கத்து நட்சத்திரங்களை வைத்து எது சரி என்று சொல்லிவிடலாம். பதினோரு மாதம் நாம் வாதிட்டோம். அண்ணாந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு இதில் மெய்யாகவே வருத்தம் உண்டு.

மாற்று வானியல் கோட்பாடுகளையும் ஆன்மிக உள்ளுணர்வையும் துணையாகக் கொண்டு பிரபஞ்சப் புதிர்களைச் சிந்திக்க முடியுமா என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். முடியும் என்பதே என் எண்ணம். ஆனால் இரண்டுக்கும் நான் ஒவ்வொரு நிபந்தனை வைப்பேன். கோட்பாடு என்று வந்தால், அது வானத்துக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுக்க வேண்டும்; அந்த நேரத்தில் வானம் வரவில்லையென்றால் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளுணர்வு என்று வந்தால், அளந்து அறிய வேண்டியதை அளக்காமலே அறிந்துவிட்டதாக அது சொல்லக்கூடாது. நம்மவர்கள் இந்த இரண்டு நிபந்தனைகளையும் எவ்வளவு கறாராகக் கடைப்பிடித்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் புதுச்சேரிக்குப் போவோம். 1761-இல் சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடந்துபோவதை அளப்பதற்காக லெ ஜென்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அந்த நாளில் அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் நின்றார், அளக்க முடியவில்லை. இத்தகைய கடப்பு எட்டு ஆண்டு இடைவெளியில் இரட்டையாக வரும். வெள்ளி விடிவெள்ளியாக, அந்தியில் தெரியும் வெள்ளியாக மாறிமாறி வந்து பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 584 நாள் ஆகும். அப்படி ஐந்து சுற்று சேர்ந்தால் எட்டு ஆண்டு. இந்த நாட்டில் அதிகாலைப் பெரட்டுக்கு எழுந்து, இருட்டோடு பால்மரத் தோட்டத்துக்குள் நடந்த நம் தாத்தா பாட்டிமார், வெள்ளி சில மாதம் காலையில் நிற்பதையும், பிறகு காணாமல் போய் அந்தியில் தலைகாட்டுவதையும் கண்ணால் கண்டவர்கள். லெ ஜென்தீல் அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு கிழக்கிலேயே தங்கினார். 1769 ஜூன் மாதம் புதுச்சேரியில் அவர் கட்டிய ஆய்வுக்கூடத்தின் மேல் அந்தக் காலைப்பொழுதில் மேகம் மூடிக்கொண்டது. இதோடு கதை முடியவில்லை. ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே முடிவுகட்டி, உறவினர் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நம்மைப் பொறுத்தவரை அவர் வெறுங்கையோடு போகவில்லை. புதுச்சேரியில் ஒரு தமிழரிடம் உட்கார்ந்து நம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30-ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்குத் தமிழர் கணக்கு சொன்ன விடை, உண்மையைவிட 41 வினாடி குறைவு. அன்றைக்கு ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணைகளாகக் கருதப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி கணக்கிட்டால் 68 வினாடி கூடுதல். பாரிசில் அச்சான தம் குறிப்பில் லெ ஜென்தீல் இதை மறைக்காமல் எழுதினார்.

அதே புதுச்சேரியில் இன்னொரு காட்சி, 1825-இல். ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தென்னிந்தியக் காலக்கணக்குகளைத் தொகுத்து ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலை உருவாக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முன் ஒரு பஞ்சாங்கக் கணிதர் உட்கார்ந்தார். பெயரைத் தம் காதில் விழுந்தபடி சாமி நாதன் சாஷியா என்று வாரன் எழுதி வைத்திருக்கிறார். ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. தரையில் சோழிகளை வைத்து, நகர்த்தி, எடுத்து, மறுபடி வைத்துக் கணக்குப் போட்டார். அட்டவணைகள் எல்லாம் வாய்ப்பாடமாக, சொற்களாக, அசைகளாக நெஞ்சில் இருந்தன. அந்த ஆண்டு மே மாதக் கடைசி இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்துக்குத் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் சொன்னார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை. நடுவில் 23. முடிவில் 52.

இந்த மூன்று எண்களும் முக்கியமானவை. அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு ஒரு வரியும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் சொல்கிறார். அவர் பின்பற்றிய முறையின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நிலா தன் பாதையில் வேகமாகப் போகும் இடத்திலிருந்து புறப்பட்டு மறுபடி அங்கே வர இருபத்தேழரை நாளுக்குச் சற்றுக் கூடுதல் ஆகும். அப்படி ஒன்பது சுற்று போனால் கிட்டத்தட்ட மிச்சமே இல்லாமல் 248 நாள். ஆகவே 248 வாக்கியங்கள், ஒரு நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளையும் எண்ணாக மாற்றினால் நிலா நிற்கும் ராசி, பாகை, கலை வரும். வரருசி செய்தது என்பது மரபு. சங்ககிராம மாதவர் பின்னாளில் இதை விகலை வரை நுட்பமாக்கினார். இவ்வளவு பெரிய அறிவு சோழிகளாகச் சுருங்கி, கோட்பாடு தெரியாத ஒருவர் கையிலும் வேலை செய்தது. ஆனால் வேலை செய்துகொண்டே மெல்ல விலகவும் செய்தது. விலகுவதைப் பார்த்துத் திருத்த ஆள் இல்லாமல் போனதால் ஒரே கிரகணத்தில் பிழை 52 நிமிடம் வரை போயிற்று. 2023-இல் சனிக்கு நேர்ந்ததும் இதுதான்.

திருத்தியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கேரளத்து நிளா நதிக்கரையில் பரமேசுவரர் என்பவர் 55 ஆண்டு கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு ஒத்துவரவில்லை என்று கண்டு, 1431-இல் ‘திருக்கணிதம்’ என்ற முறையைத் தந்தார். 55 ஆண்டு என்றால் ஒரு மனிதனின் பணிக்காலம் முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி கிடையாது; கண், நிழல், நாழிகை வட்டில். அவருடைய மகன் தாமோதரரிடம் படித்தவர் திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜி. 1500-இல் அவர் முடித்த ‘தந்திர சங்கிரகம்’ ஒரு மாற்றுக் கோட்பாட்டைத் தைரியமாக முன்வைத்தது. புதனையும் சுக்கிரனையும் பற்றிய பழைய கணக்கு தவறு, எல்லாக் கிரகங்களும் சூரியனை மையமாகக் கொண்டு சுற்றுகின்றன, சூரியன் அவற்றையும் கூட்டிக்கொண்டு பூமியைச் சுற்றுகிறது என்பது அவர் கண்ட அமைப்பு. ஐரோப்பாவில் டைக்கோ பிராகே இதைப் போன்ற ஓர் அமைப்பை வெளியிட எண்பது ஆண்டுக்கும் மேல் ஆயிற்று.

இந்த நீலகண்டரிடம்தான் இன்றைய தலைப்புக்கு நேரான பதில் இருக்கிறது. ‘ஜோதிர்மீமாம்சை’ என்று அவர் இன்னொரு நூல் எழுதினார். வானியலாளன் எப்படிச் சிந்திக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஆரியபட்டர் தவம் செய்தார், பிரம்மா மனமிரங்கிக் கணக்குகளை அருளினார், அருளிய கணக்கை மனிதன் சோதிப்பது தகுமா என்று கேட்பவர்களுக்கு அங்கே விடை சொல்கிறார். தெய்வத்தின் அருள் புத்தியைத் தெளிவாக்கும்; அதற்குமேல் பிரம்மாவோ சூரியனோ நேரில் இறங்கி வந்து எண்களைச் சொல்லித் தருவதில்லை என்கிறார். ஆகவே பார், கணக்கிடு, ஒத்துவராவிட்டால் திருத்து. சொன்னவர் நாத்திகர் அல்லர். சோம யாகம் செய்த வைதிகர். அருளை முழுமையாக நம்பிய ஒருவர், அருளுக்கும் அளவுக்கும் எங்கே எல்லை என்று ஐந்நூறு ஆண்டுக்கு முன்னே இவ்வளவு சுத்தமாகக் கோடு கிழித்திருக்கிறார். உள்ளுணர்வைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட நேர்மையான கூற்று இல்லை.

சென்னையிலும் அந்தக் கோடு தொடர்ந்தது. சென்னை வானாய்வு நிலையத்தில் தலைமை உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-இல் ஒரு மாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். இரவில் தொலைநோக்கியில் பார்த்தவர், பகலில் பார்வைக்கு ஒத்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அச்சிட்டு, பழைய கணக்கைத் திருத்துங்கள் என்று பண்டிதர்களோடு மன்றாடினார். அவர் மன்றாடிய வழக்கு இன்றைக்கும் நம் கோயில் வாசலில் நடக்கிறது.

இனி நம் காலத்து மாற்றுக் கோட்பாட்டுக்கு வருவோம். 1948-இல் ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு, பிரெட் ஹாயில் மூவரும், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, விரிய விரியப் புதுப் பொருள் மெல்லத் தோன்றி இடைவெளியை நிரப்பும் என்றார்கள். ‘பெருவெடிப்பு’ என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1949-இல் வானொலியில் முதலில் சொன்னவரே அதை ஏற்காத ஹாயில்தான். அவரோடு இணைந்து 1960-களில் புதிய ஈர்ப்புக் கோட்பாடு கண்டவர் ஜெயந்த் நார்லிக்கர். இந்தியா திரும்பி, 1988-இல் புனேயில் வானியல் மையம் ஒன்றை நிறுவி வளர்த்து, 2025 மே மாதம் மறைந்தார்.

அந்தக் கோட்பாடு வானத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தது. பிரபஞ்சம் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரி இருக்கும் என்றது. தொலைவைப் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பதாகும். கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் தொலைதூர ரேடியோ மூலங்களை எண்ணியபோது, பழங்காலம் வேறு மாதிரி இருந்தது தெரிந்தது. எதிர்த் தரப்பும் நாள் குறித்திருந்தது: ஆல்பரும் ஹெர்மனும் 1948-இலேயே பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் வெளியெங்கும் சில பாகை அளவில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 1965-இல் பென்சியாசும் வில்சனும் ஏறக்குறைய 3 கெல்வின் அளவில் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். வானம் யார் பக்கம் வந்தது என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை. நார்லிக்கர் விடவில்லை. 1993-இல் ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோரோடு சேர்ந்து, பல ஆயிரம் கோடி ஆண்டுக்கு ஒருமுறை சுருங்கி விரியும் பிரபஞ்சத்தை முன்வைத்தார். அதையும் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனாலும் தோற்கக்கூடிய கோட்பாட்டைச் சொன்னார், சோதிக்கும் வழியையும் கூடவே சொன்னார். அதற்காக அவரை நான் வணங்குகிறேன்.

அவரே செய்த இன்னொரு சோதனையை இந்த அவையில் சொல்லாமல் விடக்கூடாது. அறிவில் சிறந்த பிள்ளைகள், அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகள் என்று இரு தரப்பிலும் 200 ஜாதகங்களைத் திரட்டினார். மகாராட்டிரத்தில் 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகங்களைப் பார்த்து இது எந்தப் பிள்ளை என்று சொன்னார்கள். சரியாக வந்தது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

நம் பக்கத்தில் இந்தச் சோதனைக்கு முன்பே ஒரு சிக்கல் இருக்கிறது. 1941 செப்டம்பரிலிருந்து மலாயாவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னே ஓடியது. ஜப்பானியர் வந்ததும் 1942 பிப்ரவரியில் தோக்கியோ நேரம். ஒரே நாளில் ஒன்றரை மணி முன்னே. 1945 செப்டம்பரில் பழையபடி. 1982 ஜனவரி 1-ஆம் நாள் இன்னொரு அரை மணி முன்னே போனது. அதுதான் இன்றைய நேரம். ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை லக்கினம் மாறும். ஜப்பான்காரன் காலத்தில் லயத்தில் பிறந்த பிள்ளைக்குக் கிராணி கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதியிருந்து, பின்னாளில் அதை யாரும் கழிக்காமல் ஜாதகம் கணித்திருந்தால், பெரும்பாலும் லக்கினமே வேறு. இதில் இந்திய நேரத்தில் அச்சான பஞ்சாங்கத்தில் இரண்டரை மணி கூட்ட மறந்தால் திதியும் பிசகும். திதி கொடுப்பது நம் செத்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. அதைத் தவறிய நாளில் செய்யலாமா? இந்த நாட்டு நேரத்துக்கு, இந்த நாட்டுச் சூரிய உதயத்துக்குக் கணித்த திருக்கணிதத்தை நம் கோயில்கள் எல்லாம் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை. மரபை மீறுவதாக யாரும் எண்ண வேண்டாம். பரமேசுவரரின் மரபு இதுதான்.

அப்படியானால் ஆன்மிக உள்ளுணர்வுக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர் நூற்றொரு கோடிக்கும் மேற்பட்ட அண்டங்களை நினைக்கிறார். வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசிபோல் அவை ஒருவனுக்கு முன் சிறுத்துக் கிடப்பதாகக் காண்கிறார். அளவுகோல் எதுவும் கையில் இல்லாதபோது அவ்வளவு பெரிய எண்ணை மனம் தாங்கியது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒரு முதல்வன் வேண்டும் என்று வாதத்தைத்தான் வைக்கிறார். நம்பு என்று கட்டளையிடவில்லை. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்ற சைவ சித்தாந்தி, ‘பெருவெடிப்புக்கு முன் என்ன’ என்று கேட்டால் திகைத்து நிற்கமாட்டான். அந்தக் கேள்வியோடு வாழப் பழகியவன் அவன்.

ஆனால், பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது சுமார் 454 கோடி, பார்த்தீர்களா எல்லாம் நம் முன்னோர் சொன்னதே என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அது எனக்கு உடன்பாடில்லை. பக்கத்தில் வரும் இரண்டு எண்ணை எடுத்து ஒட்டுவது, 55 ஆண்டு விழித்திருந்த பரமேசுவரருக்குச் செய்யும் நீதியாகாது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு என்பதை அப்போது எங்கே கொண்டு போய் வைப்பது?

கணித மேதை ராமானுஜனை நினைத்துப் பாருங்கள். நாமகிரித் தாயார் அருளால் சூத்திரங்கள் தோன்றுவதாக அவர் நம்பினார். அப்படித் தோன்றியவற்றில் பெரும்பாலானவை சரி. ஆனால் பகா எண்களைப் பற்றி 1913-இல் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியவற்றில் சில தவறு. தவறென்று எப்படித் தெரிந்தது? நிறுவிப் பார்த்ததால். 1920-இல், சாவதற்குச் சில மாதம் முன் அவர் எழுதியனுப்பிய ‘மாக் தீட்டா’ சார்புகளின் மர்மம் தெளிய எண்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று; இன்று கருந்துளைகளைப் பற்றிய கணக்கில் அவை பயன்படுகின்றன. அந்தக் கருந்துளைகளுக்கு வழிகாட்டிய கணக்கைச் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 19 வயதில், 1930-இல் கப்பலில் போகும்போதே தொடங்கிவிட்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட எடையுள்ள நட்சத்திரம் வெண்குள்ளனாக ஓய முடியாது என்றார். 1935 ஜனவரியில் லண்டன் அவையில் வானியலாளர் எடிங்டன், இயற்கை அப்படி நடக்க விடாது என்று எள்ளி ஒதுக்கினார். அன்று உள்ளுணர்வை நம்பியவர் எடிங்டன்தான். நோபல் பரிசு சந்திரசேகருக்கு வந்தது 1983-இல்.

இன்றைக்கும் புதிர்களுக்குப் பஞ்சமில்லை. பிரபஞ்சத்தில் நமக்குத் தெரிந்த பொருள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். மீதிக்குக் கரும்பொருள், கருஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கரும்பொருளே இல்லை, ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்று 1983-இல் இயற்பியலாளர் மில்க்ரோம் சொன்னது இன்னும் வழக்கில் இருக்கிறது. பிரபஞ்சம் விரியும் வேகத்தை ஒரு வழியில் அளந்தால் வானியலாளர் அலகில் 67, இன்னொரு வழியில் அளந்தால் 73. இரண்டு பஞ்சாங்கம் அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே இரு தரப்பும் மறுபடி மறுபடி அளக்கிறார்கள்.

நம் நெகிரி செம்பிலானிலேயே, போர்ட்டிக்சன் பக்கம் தெலுக் கெமாங் கடற்கரையில் ஒரு வானாய்வுக்கூடம் இருக்கிறது. நோன்பு மாதப் பிறையை அங்கிருந்து பார்க்கிறார்கள். பிறை 3 பாகை உயரத்திலும் சூரியனிலிருந்து 6.4 பாகை விலகியும் இருக்க வேண்டும் என்று கணக்கும் வைத்திருக்கிறார்கள், கண்ணாலும் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளை அங்கே ஒருமுறை அழைத்துப் போங்கள். நம் மந்தின் ஊர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகைக்குள் இருப்பதால் மார்ச் கடைசி வாரத்தில் ஒரு நாள், செப்டம்பர் நடுவில் ஒரு நாள், மத்தியானம் ஒன்றே கால் மணியை ஒட்டி, நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. பள்ளித் திடலில் குச்சி நட்டு அந்த நாளைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2018 தைப்பூசத்தன்று, ஜனவரி 31 இரவு, நிலா முழுதாகச் சிவந்ததைக் காவடி எடுத்தவர்களும் பார்த்தார்கள். அதுபோல் 2028 டிசம்பர் 31 இரவு, மார்கழிப் பௌர்ணமி, நிலா திருவாதிரையில் நிற்கும். நம் நேரப்படி 11 மணி தாண்டிச் சில நிமிடத்தில் நிழல் படரத் தொடங்கும். புத்தாண்டு பிறந்து கால் மணி நேரத்தில் முழுவதும் மூழ்கும். ஒன்றரை மணிவாக்கில் விடுபடத் தொடங்கும். ஆருத்திரா தரிசன அபிடேகத்தை எந்த நேரத்தில் வைப்பது என்று கோயில் நிர்வாகங்கள் இப்போதே பேசி முடிவெடுக்கலாம். அன்றிரவு இரண்டு பஞ்சாங்கத்தையும், ஒரு கடிகாரத்தையும், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கண்ணால் பார்த்து எழுதுவோம்; எந்தக் கணக்கு எத்தனை நிமிடம் பிசகியது என்று மறுநாள் காலையில் கோயில் பலகையில் ஒட்டுவோம்.